ஏசிஓ 75% மென்பொருள் விதி 2024 வரைதான்

அமெரிக்க அரசின் மெடிக்கேர் காப்பீட்டு நோயாளிகளைச் சேர்ந்து கவனிக்கும் டாக்டர்கள், மருத்துவமனைகளின் கூட்டமைப்புதான் ஏசிஓ. "ஏசிஓவில் 75% டாக்டர்கள் சான்று பெற்ற மின்னணு மருத்துவப் பதிவு மென்பொருள் வைத்திருந்தால் போதும், தகுதி பெற்ற பங்கேற்பாளர்கள் (இதுபோன்ற திட்டங்கள் வழியே போதிய அளவு நோயாளிகளையோ கட்டணத்தையோ பெறும் டாக்டர்கள்) தனியாக எதையும் அனுப்ப வேண்டாம்" என்று ஒரு பதிவில் எழுதியிருந்தது. இதை நம்பி யாரும் கோட்டை விட்டுவிடக்கூடாது. ஏசிஓக்கள் செலவைக் குறைத்தால் மிச்சத்தில் பங்கு பெறும் மெடிக்கேர் சேமிப்புப் பகிர்வுத் திட்டத்தில் அந்த விதி 2024 உடன் முடிந்துவிட்டது.

2025 முதல் அத்திட்டத்தின் எந்த டிராக்கில் (பிரிவில்) இருந்தாலும், தகுதி பெற்றவர், பகுதித் தகுதி பெற்றவர் (அந்த அளவுக்குச் சற்றுக் குறைந்தவர்) உட்பட எல்லோருக்கும் மிப்ஸின் (டாக்டர்களின் செயல்பாட்டைப் பார்த்து மெடிக்கேர் கட்டணத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) 'ப்ரமோட்டிங் இன்டராப்பரபிலிட்டி' அறிக்கை கட்டாயம். மின்னணு மருத்துவப் பதிவுகளைப் பயன்படுத்துவது, பகிர்வது பற்றிய பிரிவு அது. விலக்கு, குறைந்த நோயாளி எண்ணிக்கை போன்ற காரணங்களுக்கு மட்டுமே.

தகுதி பெற்றவருக்கு மிப்ஸ் கட்டண ஏற்ற இறக்கம் இல்லை என்பது உண்மைதான், குழப்பமே அங்கேதான். கட்டணம் மாறாது, அறிக்கை போயாக வேண்டும்.

முக்கியமாக, தரவு தொடர்ந்து 180 நாட்களுக்கு வேண்டும். ஜூலை 5 தாண்டித் தொடங்கினால் அந்த ஆண்டில் கணக்கு எட்டாது. நோயாளி தரவுக்கான பாதுகாப்பு இடர் ஆய்வும் அதே ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். சிறிய கிளினிக்குகளும் இந்த ஆய்வைத் தவறவிடக்கூடாது. குழுவாகவோ ஏசிஓ மூலமாகவோ அனுப்பலாம், ஆனால் யார் அனுப்புகிறார்கள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.