பேஸ்மென்ட்ல வந்துடும் சார்!

டவுன் ஸ்டேஷன் பக்கமோ, செவ்வாய்ப்பேட்டை கூட்ஸ் ஷெட் பக்கமோ, ஜங்ஷன் முகப்போ, சேலத்தில் ரயில்வே இடம் எங்கே காலியாகத் தெரிந்தாலும் ‘இங்க ஒரு பெரிய காம்ப்ளெக்ஸ் வந்தா எப்படி இருக்கும்’ என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். வரட்டும் ஐயா, யார் வேண்டாமென்றது? முள்செடி மண்டிக் கிடக்கிற இடத்தில் கடை வந்தால் ஊருக்கு நல்லதுதான். ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டவுடன் ‘அதெல்லாம் பேஸ்மென்ட்ல வந்துடும் சார்’ என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

என்ன வரும் பேஸ்மென்ட்டில்? ஒரு கார் நிற்கும் கட்டம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். கார் வானத்திலிருந்து அந்தக் கட்டத்தில் இறங்குவதில்லை. திரும்புகிற வழி, சரிவுப் பாதை, தூண் எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்குத் திறந்த வெளியில் 23 சதுர மீட்டர், பேஸ்மென்ட்டில் 32 சதுர மீட்டர் என்பதுதான் நகரமைப்பில் வழக்கமாக எடுக்கும் கணக்கு. 100 காருக்கு 3,200 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 79 சென்ட். கீழே இறங்கும் சரிவு எட்டுக்கு ஒன்றைவிட, அதாவது 8 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கத்தைவிட, செங்குத்தாக இருக்கக் கூடாது. 3.6 மீட்டர் இறங்கவே 29 மீட்டர் நீளம் போய்விடும். இடம் போதவில்லை என்று இரண்டாவது பேஸ்மென்ட் தோண்டினால் இன்னொரு 29 மீட்டர். குறுகலான மனையாக இருந்தால் வண்டி நிற்கும் இடத்தைச் சரிவே தின்றுவிடும்.

தூண் கதை இன்னும் மோசம். இரண்டு தூணுக்கு நடுவே மூன்று கார் நிற்க 7.5 மீட்டர் தெளிவான இடைவெளி வேண்டும். தூணின் பருமனையும் சேர்த்தால் மையத்துக்கு மையம் 8 மீட்டராவது வைக்க வேண்டும். மேலே இருக்கும் கடைகளின் வசதிக்காக 7 மீட்டர் வைத்துவிட்டு, வரைபடத்தில் மட்டும் மூன்று காரை அழகாக வரைந்துவிடுவார்கள். கட்டி முடித்த பிறகு இரண்டுதான் நிற்கும். மூன்றாவதையும் நுழைத்தால் கதவைத் திறக்க முடியாது; ஜன்னல் வழியாகத்தான் ஏறிக் குதிக்க வேண்டும். மிச்சம் இருப்பதில் ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, பம்பு. தீபாவளி வந்தால் துணி மூட்டை. ஒரு நல்ல மழை பெய்து பம்பு ஓடாவிட்டால் அதுவும் இல்லை.

சரி, கார் கிடக்கட்டும். இது டூவீலர் ஊர். டூவீலருக்கு என்ன கணக்கு என்று யாராவது வாயைத் திறக்கிறார்களா? உதாரணத்துக்கு, மணிக்கு 300 டூவீலர் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரி ஒன்றரை மணி நேரம் நிற்கிறது என்று வையுங்கள். ஒரே நேரத்தில் 450 வண்டி நிற்கும். நூற்றுக்கு 85 இடம் நிரம்பினாலே புதிதாக வருகிறவர் இடம் தேடிச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். அதனால் 450-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 530 இடம். நடைவழியோடு வண்டிக்கு 3 சதுர மீட்டர் என்றால் சுமார் 39 சென்ட். அதுவும் தரைமட்டத்தில். மடியில் குழந்தையையும் கையில் ஜவுளிப் பையையும் வைத்திருக்கிற அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு எவரும் இரண்டு மாடிச் சரிவு ஏற மாட்டார். ரோட்டோரம்தான் நிறுத்துவார்.

இப்போது கடைக்காரர்களுக்கும் ஒரு கேள்வி. முதல் அக்ரஹாரத்திலும் சின்னக்கடை வீதியிலும் காலையில் ஷட்டர் திறக்கும்போதே கடை வாசலை அடைத்து நிற்கும் வண்டிகள் யாருடையவை? முதலாளியுடையது, வேலைக்கு வருகிறவர்களுடையது. காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை ஒரே வண்டி ஒரே இடத்தில். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருவர் என்றால் அங்கே ஏழு வாடிக்கையாளர் நிறுத்தியிருக்கலாம். இதைச் செய்துவிட்டு ‘பார்க்கிங் இல்லாததால் வியாபாரம் படுத்துவிட்டது’ என்று சங்கத்தில் மனு கொடுப்பதும் இவர்களே.

ஸ்டேஷன் பக்கம் என்றால் இன்னொரு கூட்டமும் உண்டு. சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டுச் சென்னை போகிறவர் மறுநாளோ அதற்கு மறுநாளோதான் எடுப்பார். தினம் ஈரோடு போய்வரும் சீசன் டிக்கெட்காரர் காலை எட்டுக்குள் நிறுத்திவிடுவார். கடைக்கு வருகிறவர் பதினொன்றுக்கு வருவார். மூவரையும் ஒரே மைதானத்தில், ஒரே கட்டணத்தில் விட்டால் பதினொன்றுக்கு வருகிறவருக்கு ‘ஃபுல்’ பலகைதான் கிடைக்கும். நாள் முழுக்க நிற்பதற்கு உள்ளே தள்ளியோ மாடியிலோ தனி இடம். வாசலருகே முதல் இரண்டு மணி நேரத்துக்கு மலிவு, அதற்குமேல் சுருக்கென்று ஏறும் கட்டணம். இது தெரியாத ரகசியமா?

கேட்பதற்கும் ஆள் இல்லை. ரயில்வே நிலத்தை வணிகத்துக்குக் கொண்டுவர 2005 சட்டத் திருத்தத்தில் தனி ஆணையமே உண்டாக்கினார்கள். ஸ்டேஷன் பார்க்கிங் டெண்டர் விடுவது ரயில்வே கோட்ட அலுவலகம். வெளியே ரோடு மாநகராட்சியுடையது. வண்டியைத் தூக்குவது போக்குவரத்துப் போலீஸ். மொத்தமாக இந்தப் பேட்டைக்கு எத்தனை வண்டி, எவ்வளவு நேரம் என்று எண்ணுவது யார் வேலை? யாருடையதும் இல்லை. எண்ணுவது பெரிய வித்தையும் இல்லை. ஒரு சாதாரண நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு முகூர்த்த நாள். காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை அரை மணிக்கு ஒருமுறை தெருவை நடந்து ஒவ்வொரு வண்டியின் நம்பர் பிளேட்டில் கடைசி நான்கு எண்ணை எழுத வேண்டும். ஒரே எண் எத்தனை சுற்றில் வருகிறதோ, சுமார் அத்தனை அரை மணிதான் அந்த வண்டி நின்ற நேரம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையைத் தனியாக எண்ணுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நிரந்தரமாகக் கட்டடம் கட்டினால் மீதி நாளெல்லாம் காற்று வாங்கும்.

சீட்டுக் கொடுக்கும் கேட்டை ரோட்டு ஓரத்திலேயே நடுவதும் வழக்கமாகிவிட்டது. கையால் எழுதி, சில்லறை தேடிக் கொடுக்க வண்டிக்கு அரை நிமிடம்; மணிக்கு 120 வண்டிக்குமேல் ஒரு ஆளால் விட முடியாது. ரயிலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லோரும் ஒன்றாக வந்தால் வரிசை ரோட்டில் நிற்கும், பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கும். கேட்டை 25 மீட்டர் உள்ளே தள்ளினால் நான்கு கார் உள்ளேயே வரிசையில் நிற்கும். நுழைய ஒரு வழி, வெளியேற வேறு வழி. முடிந்தால் வேறு தெருவில்.

வேலை நடக்கிற வருடங்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதே இல்லை. வேலைக்காக இடத்தைச் சுற்றித் தகரம் அடித்த மறுநாள் முதல் அங்கே நின்ற வண்டிகள் எங்கே போகும்? பக்கத்துத் தெருவில் வீட்டு வாசலுக்கு. கூட்ஸ் ஷெட் பக்கமென்றால் லாரியும் சேர்ந்து நிற்கும். டெண்டரிலேயே எழுதுங்கள்: மாற்று இடம் 300 மீட்டர் நடைக்குள், ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டி, விளக்குப் போட்டு, ஆள் வைத்துத் திறந்த பிறகுதான் முதல் தகரம்.