முதலில் கண்டவள்

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் ஒதுக்குவார்கள். போன தடவை வயதான ஓர் அம்மா எழுந்து மைக்கை வாங்கினார். வெள்ளைச் சேலை, முக்காடு, கையில் நாலாய் மடித்த கைக்குட்டை. மகன் ஐசியூவில் கிடந்த 11 நாட்களை ஒவ்வொரு நாளாகச் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் நாளை முடிப்பதற்குள் முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "சுருக்கமா முடிங்கம்மா" என்றார். அம்மா "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து லூக்கா 24:11 என்னை விடவே இல்லை. இயேசுவின் கல்லறை காலியாக இருக்கிறது என்று பெண்கள் வந்து சொன்னது அப்போஸ்தலருக்கு "வீண்பேச்சாக" தோன்றியதாம். சொன்னவர்கள் யார்? கலிலேயாவிலிருந்து கூடவே வந்தவர்கள். சீஷர்கள் சிதறி ஓடியபிறகும் சிலுவையைப் பார்த்தபடி நின்றவர்கள். உடலை எந்த இடத்தில் வைத்தார்கள் என்று கண்ணால் பார்த்து வைத்தவர்கள்.

உயிர்த்தெழுதலுக்கு என்ன சாட்சி என்று யாராவது கேட்டால் நாம் உடனே 1 கொரிந்தியர் 15-ஐத் திறக்கிறோம். திறக்க வேண்டியதுதான். இயேசு இறந்து ஏறக்குறைய 25 ஆண்டுகளில், எபேசுவிலிருந்து பவுல் எழுதிய கடிதம் அது. கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஒரே வேளையில் 500-க்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, கடைசியில் தான் என்று வரிசையாகச் சொல்கிறார். அந்த 500 பேரில் "அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்" என்கிறார். சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. இதைத் தானும் பெற்றுக்கொண்டதாகவே சொல்கிறார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எருசலேமில் பேதுருவோடு 15 நாள் தங்கி, யாக்கோபையும் பார்த்தவர் அவர். அந்த 15 நாளும் வேறு எதைப் பேசியிருப்பார்கள்?

ஆனால் அந்த வரிசையில் மகதலேனா மரியாள் இல்லை. பெயர் சொல்லி ஒரு பெண்கூட இல்லை.

ஏன் என்று பவுல் சொல்லவில்லை. பெண்ணின் சாட்சிக்கு எடை இல்லாத காலம் என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்று அதே நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில், கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய தத்துவவாதி செல்சுஸ், இதைப் பார்த்தது சித்தம் கலங்கிய ஒரு பெண்தானே என்று கேலி செய்தார். இப்படிக் கேலிக்கு இடமிருந்தும் நான்கு சுவிசேஷங்களிலும் காலிக் கல்லறைக்கு முதலில் போவது மகதலேனா மரியாள்தான். ஜோடித்த கதையாக இருந்தால் முதலில் எடுபட்டிருக்க வேண்டிய பெயர் அது.

கூட வந்த பெண்கள் யார், தூதர் ஒருவரா இருவரா என்பதில் சுவிசேஷங்கள் ஒத்துப்போவதில்லை. பிரசங்கத்தில் அதைப் பூசி மெழுகும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சாவு வீட்டுக்குப் போய்வந்த நாலு பேரைக் கேளுங்கள். யார் யார் வந்திருந்தார்கள் என்பதில் நாலு கணக்கு வரும். செத்தது யார் என்பதில் வராது.

இதோடு எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாட்சி எவ்வளவு பழையது, யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதுவரை ஆராயலாம். அதற்குமேல் நம்பிக்கை. நான் நம்புகிறேன். நம்ப வைப்பதும் யோவான் 20-இல் உள்ள ஒரு சின்ன இடம்தான். அழுதுகொண்டிருக்கும் மரியாள், எதிரே நிற்கும் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொள்கிறாள். முதல் சாட்சிக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். "மரியாளே" என்று அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் "ரபூனி", அதாவது போதகரே, என்று திரும்புகிறாள்.

2016-இல் போப் பிரான்சிஸ், மகதலேனா மரியாளின் ஜூலை 22 நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்கு உள்ளதுபோல் விழாவாக உயர்த்தினார். நான் கத்தோலிக்கன் அல்ல. ஆனாலும் அதைப் படித்த அன்று மனசு நிறைந்துவிட்டது.

இந்த ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துவிட்டு, என்ன விஷயம் தம்பி என்றார்.

"நாலாம் நாள் என்னாச்சும்மா?" என்று கேட்டேன்.

கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.