நெட்டி எடுப்பது சிகிச்சை ஆகாது

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பல பேர் இப்போது வாசலிலேயே கேட்கிறார்கள்: "சார், ரீல்ஸ்ல வர்ற மாதிரி கழுத்துல ஒரு நெட்டி எடுத்து விடுங்க."

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முடி வெட்டி முடித்ததும் சலூனிலேயே கழுத்தைத் திருப்பி விட்டுப் பழகிய ஊர் இது. என் கோபம் எங்கள் ஆட்கள், அதாவது என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகள் மேல்தான். நாலரை வருடம் பிபிடி என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு படித்தவர்கள், சனி ஞாயிறு வகுப்பில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு அந்தச் சத்தத்தை வைத்தே கடை நடத்துகிறார்கள்.

விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காருவதால் அந்தச் சத்தம் வருவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து, வாயுக் குழி ஒன்று உண்டாகும்போது வருகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், விரல் மூட்டை எம்ஆர்ஐக்குள் வைத்து இழுத்து இதைப் படமே பிடித்தார்கள். சத்தம் வராமலும் வலி குறையும்.

கையால் சிகிச்சை தரும் முறைகளில் ஒன்றான மெய்ட்லண்ட் முறையில் மூட்டை மெதுவாக அசைத்துக் கொடுக்க நாலு படிகள் உண்டு. வெடுக்கென்று திருப்புவது அதற்கும் மேலே, ஐந்தாவது. கழுத்தில் அதைச் செய்யும்போது, அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு. தலைசுற்றல் இருக்கிறதா, இரட்டையாகத் தெரிகிறதா, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று எதுவும் கேட்காமல் ஒருவர் தலையைப் பிடிப்பதை எப்படித் திறமை என்பது?

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். "லோடு தூக்குனதுல பிடிச்சிக்கிச்சு தம்பி, ஒரு மிதி மிதிச்சா சரியாயிடும்." அந்த வேலைக்கு முதுகு வலி சகஜம்தான். ஆனால் படுத்தாலும் வலி குறையவில்லை என்றார். சாயங்காலமானால் மேல் காய்கிறது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. நடுமுதுகில் ஒரு முள்ளெலும்பை விரலால் லேசாகத் தட்டியதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டார். அன்றைக்கு நான் செய்ததெல்லாம் ஒரு கடிதம் எழுதி ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பியதுதான். அங்கே பார்த்ததில், முதுகெலும்பில் டிபி. மிதித்திருந்தால் கால் இரண்டும் விழுந்திருக்கலாம். அப்புறம் மருந்து வேலை செய்து உடம்பு தேறியதும் பயிற்சிக்கு எங்களிடமே வந்தார்.

மறுபக்கமும் உண்டு. 'ஐஎஃப்டி, டிராக்‌ஷன், 10 நாள்' (கரண்ட் வைப்பது, முதுகை இழுப்பது) என்று சீட்டில் எழுதி அனுப்பும் டாக்டர்கள் சிலர், எங்களை மெஷின் போடும் ஆளாகத்தான் பார்க்கிறார்கள். 2025 செப்டம்பரில் நாங்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக் கூடாது என்று மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்குநரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்து, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அந்தப் பட்டம் பெரிய விஷயமில்லை. துணை மருத்துவத் துறையினருக்கான 2021 சட்டம், பிசியோதெரபிஸ்ட் என்பவர் நோயாளியை முழுமையாகப் பரிசோதிப்பவர், தனியாகவும் தொழில் செய்யலாம் என்கிறது. எனக்கு வேண்டியது அந்த வரிதான். பரிசோதிக்காமல் கை வைக்கும் ஒவ்வொருவரும் அதைப் பலவீனமாக்குகிறார்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, எந்த பிசியோதெரபிஸ்டிடமும் நேரம் கேட்டுக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் சரி, நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.