‘எழுத்து கொல்லும்’ என்றால் உபதேசம் படிக்கக் கூடாதா?

மதுரைப் பக்கம் சபை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. மஞ்சள் ரோஜா, புறா, நடுவில் “எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது” என்ற அரை பைபிள் வசனம். கீழே, “உபதேசம் படித்தால் விசுவாசம் செத்துப்போகும், அபிஷேகம் போதும்” என்று ஒரு வரி. உபதேசம் என்றால் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிய போதனை; அபிஷேகம் என்றால் பரிசுத்த ஆவி ஒருவர்மேல் இறங்குவது.

வசனம் உண்மை, அதற்குச் சொல்லும் அர்த்தம் தவறு. அது 2 கொரிந்தியர் 3:6, அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் வருவது. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: எந்த எழுத்து என்று பவுலே சொல்கிறார், “கற்களில் பதிந்திருந்த” எழுத்து. அதாவது மோசே கொண்டுவந்த நியாயப்பிரமாணம், கடவுளின் கட்டளைகள். அது பாவத்தைக் காட்டித் தீர்ப்பளிக்கும், ஜீவன் தராது. பைபிள் படிப்பதைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை. அதே பவுல்தான் தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவிடம், உன்னைக்குறித்தும் உபதேசத்தைக்குறித்தும் எச்சரிக்கையாயிரு என்கிறார் (1 தீமோத்தேயு 4:16). பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் சபையில் சேர்ந்த மூவாயிரம் பேரும் முதலில் உறுதியாய்த் தரித்திருந்தது அப்போஸ்தலரின் உபதேசத்தில்தான் (அப்போஸ்தலர் 2:42). அபிஷேகம் குறைந்த சபையா அது?

சரி, உபதேசம் என்றால் அரசரடி இறையியல் கல்லூரிக்குப் போக வேண்டுமா? வேண்டாம். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஓர் அம்மா பிள்ளைக்கு விசுவாசப்பிரமாணத்தை (சபையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கை) வரிவரியாய் விளக்கினாலும் உபதேசமே. (அந்த ஃபார்வர்டும் ஓர் உபதேசம்தான், தப்பான உபதேசம்!)

இனி அரை வசனம் வந்தால், அனுப்பியவரிடம் அதிகார எண்ணைக் கேளுங்கள். அப்புறம் அந்த அதிகாரம் முழுவதையும் திறந்து வாசியுங்கள்.