இயக்குநர் நாற்காலிக்கு ஓர் அடிதடி

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்சீ மாயக்கதை நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், பத்தே நிமிடத்தில் அதைப் படமாக யார் இயக்குவது என்ற பஞ்சாயத்தில் போய் நிற்கிறது. நேற்றிரவு பதினொன்றரை மணிக்கு நண்பர் ஒருவர் வில்னோவ், டெல் டோரோ, நோலன் என்று வரிசையாக அனுப்பினார். எந்த மாயக்கதைக்கும் அவர் தருவது இதே மூன்று பெயர்கள்தாம், சாம்பாருக்கும் ரசத்திற்கும் ஒரே பொடியைப் போடுவதைப் போல. 1968-இல் வெளிவந்த முதல் நாவலின் தொடக்கத்தில், சிறுவன் ஒருவன் பொருளறியாமல் சொன்ன மந்திரத்திற்கு ஆடுகள் ஓசையின்றி ஓடிவந்து, மஞ்சள் கண்களால் பார்த்தபடி அவனை நெருக்கிச் சூழ்ந்துகொள்ளும். அந்த மௌனத்தை எப்படிப் படமாக்குவது என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி எடுக்க வேண்டும் என்பது லெ குவினுடைய விருப்பமாகவே இருந்தது. 2006-இல் எடுத்ததோ, அதுவரை ஒரு படமும் இயக்கியிராத, மியாசாகியின் மகன் கோரோ. 2004-இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரோ, செம்பழுப்பு நிறத்தவனான நாயகன் கெட்டின் பாத்திரத்திற்கு ஒரு வெள்ளையரைப் போட, அதை லெ குவின் கடுமையாகக் கண்டித்து எழுதினார். இத்தனையையும் பொறுமையாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். நண்பரிடமிருந்து உடனே பதில் வந்தது: "அப்படியானால், கேமரூன்?"