ஒரு கிளினிக் கொப்பி மூடப்படுமுன் மற்றது திறக்கப்பட வேண்டும்

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்க நிலைக்காகச் சிறுவர் உளநலக் கிளினிக்கில் ஆண்டுக்கணக்காக மருந்து எடுத்துவரும் பிள்ளை, 18 வயதை எட்டும்போது பெரியவர்களுக்கான கிளினிக்குக்கு மாற வேண்டியிருக்கிறது. மாற்றம் தேவையானதுதான்; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதலாவது கிளினிக் பிள்ளையை விடுவிக்கும் நாளுக்கும், இரண்டாவது கிளினிக் மருந்து எழுதித் தரும் நாளுக்கும் இடையில் எவரும் பொறுப்பேற்காத ஓர் இடைவெளி விடப்படுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி உயர்தரப் பரீட்சைக் காலத்திலேயே வந்து சேர்கிறது.

என் பெறாமகனுக்கு நேர்ந்ததை அவனுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆரம்பப் பாடசாலைக் காலத்திலேயே நோய் நிர்ணயம் ஆகி, மெதில்பெனிடேட் மாத்திரையின் துணையோடு படித்து, சாதாரணதரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவன். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது, "இனி பெரியாக்களின்ர கிளினிக்குக்குப் போங்கோ" என்று வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடிதம் எதுவும் தரப்படவில்லை. புதிய இடத்தில், சிறு வயதில் நிர்ணயம் செய்யப்பட்டதற்கான ஆவணத்தைக் கேட்டார்கள். கிளினிக் கொப்பியின் முதற் பக்கங்களில் மை மங்கிப்போய், மாத்திரையின் அளவு மட்டுமே வாசிக்கக்கூடியதாக இருந்தது. அவர்கள் கேட்டதில் பிழையில்லை. பெரியவர் ஒருவருக்கு இந்த நிலை உண்டு என்று முடிவுசெய்வதற்கு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்னரே இருந்தனவா என்று பார்க்க வேண்டும். அதற்கான சான்று முழுவதும் அவனை அனுப்பிவிட்ட இடத்திலேயே இருந்தது.

மாத்திரை முடிந்த பின் ஒரு நாள், "பெரியம்மா, வாசிக்கிறன், ஆனா ஒண்டும் உள்ளுக்குப் போகுதில்லை" என்றான். அவனுடைய பௌதிகவியல் கொப்பியைப் பார்த்தேன். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இரண்டாம் வரியிலேயே விட்டிருந்தான்.

"வளர வளரச் சரியாகிவிடும், இனியும் என்னத்துக்கு மருந்து?" என்று உறவினர்களில் பலர் கேட்டார்கள். சிலருக்கு அப்படிக் குறைவதும் உண்டு. ஆனால் பலரிடம் துள்ளலும் ஓட்டமும் அடங்கினாலும், கவனச் சிதறலும் மறதியும் தொடங்கியதை முடிக்க இயலாமையும் அப்படியே தொடர்கின்றன. 2013 இல் வெளியான அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்நிர்ணயக் கைநூல், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கென்று தனி அளவுகோலே வகுத்திருக்கிறது. சிறுவர்களுக்கு ஆறு அறிகுறிகள் வேண்டுமென்றால் இவர்களுக்கு ஐந்து போதும். படிப்போடு முடிகிற விடயமும் இதுவல்ல. 18 வயதில் எங்கள் பெடியன்களின் கைக்கு மோட்டார் சைக்கிள் வந்துவிடுகிறது. சுவீடனில் ஏடிஎச்டி உள்ள 17,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்த ஆண்களிடம் பாரதூரமான வீதி விபத்துக்கான அபாயம் 58 வீதம் குறைவாகக் காணப்பட்டது. பிள்ளையை வீதியில் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சுமையும் சேர்ந்துவிடுகிறது. போதை மாத்திரைகள் எங்கள் இளைஞர்களைச் சீரழித்து வருவதால், வைத்தியர் எழுதித் தந்த மருந்துத் துண்டோடு வரும் இளைஞன் ஒவ்வொருவனையும் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிட்டோம். சிறுவனாக இருந்தபோது தாய் கொண்டுபோன அதே மருந்துத் துண்டை என் பெறாமகன் தனியாகக் கொண்டுபோனபோது, பாமசியில் நின்றவர் துண்டைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், அவனுடைய முகத்தைப் பார்த்தார், "ஆருக்கு இது?" என்று மற்றவர்களுக்கும் கேட்கக்கூடியதாகக் கேட்டார். மெதில்பெனிடேட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துதான். 1971 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உளவியக்கப் பொருட்கள் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் அது இருக்கிறது. கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1950களிலிருந்து மருத்துவப் பயன்பாட்டில் உள்ள ஒரு மருந்தை வைத்தியரின் கையெழுத்தோடு கேட்கிற பிள்ளை, குற்றவாளியைப் போல நிறுத்தப்படுவது கொடுமை. அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் போக மறுத்துவிட்டான்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. சிறுவர் கிளினிக்கில் தாய் திகதியை நினைவில் வைத்திருந்தாள், கொப்பியைப் பத்திரப்படுத்தினாள், மாத்திரையை எண்ணிப் பார்த்தாள். பெரியவர்களின் கிளினிக்கில் அவனே வர வேண்டும், அவனே பேச வேண்டும், திகதியையும் அவனே கவனிக்க வேண்டும். வயது வந்தவன் என்ற வகையில் அது அவனுடைய உரிமை. ஆனால் திட்டமிடுவதும் நினைவில் வைத்திருப்பதும் வரிசையில் பொறுமையாக நிற்பதும் எவனுக்குக் கடினம் என்று கண்டு மருந்து தொடங்கினார்களோ, அவனிடமே, மருந்து நின்றுபோன நிலையில், இவையெல்லாம் ஒரே நாளில் எதிர்பார்க்கப்படுகின்றன. ஒரு தவணை தவறினால் "அக்கறையில்லாத பெடியன்" என்று பெயர் விழுகிறது.

இங்கிலாந்தில் இதற்கென்று எழுதப்பட்ட நெறிமுறை இருக்கிறது. 2018 இல் அங்கு சுகாதார சேவைக்கான வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பாடசாலையை விட்டு விலகும் வயதில் பிள்ளையை மீளப் பரிசோதித்து, மருந்து தொடர வேண்டுமென்றால் 18 வயதுக்குள் கைமாற்றத்தை முடித்துவிட வேண்டும். அங்கேயும் நீண்ட காத்திருப்பு உண்டு. 2023 செப்டெம்பரில் இந்த மருந்துகளுக்கே நாடு தழுவிய தட்டுப்பாடும் வந்தது. இருந்தாலும், யார் எதைச் செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு அங்கே ஓர் எழுத்து இருக்கிறது.

எங்களுக்கு வேண்டியதும் அதுதான். அதற்குப் பெரிய செலவில்லை. புதிய கிளினிக்கில் முதலாவது மருந்துத் துண்டு எழுதப்படும் வரை பழைய கிளினிக் பிள்ளையை விடுவிக்கக் கூடாது. கைமாற்றக் கடிதத்தில், எந்த வயதில் எந்த அறிகுறிகளைக் கொண்டு நிர்ணயம் செய்யப்பட்டது, இப்போதைய மருந்தும் அளவும், முன்பு கொடுத்துப் பார்த்து நிறுத்தியவை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நிறை ஆகியவை இருக்க வேண்டும். மெதில்பெனிடேட் தொடர்ந்து கிடைக்காது என்ற நிலை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாற்றாகக் கொடுக்கப்படும் அட்டொமொக்செற்றின் என்ற மருந்து முழுப் பலனைத் தருவதற்குப் பல வாரங்கள் செல்லும் என்பதால், கடைசி மாத்திரை முடிந்த பின் யோசிக்கிற விடயமல்ல அது.

உயர்தரத்தில் பிள்ளை படிக்கும் பெற்றோர், அடுத்த கிளினிக் நாளிலேயே இந்தக் கடிதத்தைக் கேளுங்கள். பிரதி எடுத்து வீட்டிலும் ஒன்று வையுங்கள். முடிந்தால் நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு, பிள்ளையையே வைத்தியரிடம் கேட்க விடுங்கள்.