ஆல்கோவை மேடையில் நிறுத்தினால் போதுமா?

பழைய ரயில் இன்ஜினைக் காப்பாற்ற வேண்டும் என்று பேச்செடுத்தாலே எல்லோருக்கும் நீராவி இன்ஜின்தான் நினைவுக்கு வருகிறது. 1855-இல் செய்த இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 நீராவி இன்ஜினைப் பெரம்பூர் லோகோ பட்டறைக்காரர்கள் 2010-இல் மறுபடி ஓட வைத்தார்கள். அந்தக் கைகளைக் கும்பிடலாம். அதே அக்கறை டீசலுக்கு ஏன் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் சொல்லும் டீசல் இன்ஜினுக்கு டபிள்யூ.டி.எம்.2 என்பது காகிதப் பெயர். ரயில்வே ஆட்களுக்கு அது, வடிவமைத்த அமெரிக்கக் கம்பெனியின் பெயரில், ஆல்கோ. 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியது. வாரணாசியில் நாமே கட்டிய முதல் வண்டியை 1964 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி அர்ப்பணித்தார். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். ஆல்கோ கம்பெனி 1969-லேயே லோகோ கட்டுவதை நிறுத்திவிட்டது. நாம் 1990-கள் வரை விடாமல் கட்டினோம். சரக்கும் இழுத்தது, எக்ஸ்பிரஸும் இழுத்தது.

அது கிளம்பும்போது கக்கும் கரும்புகையைத் திட்டாதவர்கள் குறைவு. டிரைவர் வேகப் பிடியை ஒரு படி (நாட்ச்) ஏற்றியதும் டீசல் உடனே பாய்ந்துவிடும். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவோ புகைபோக்கிக்குப் போகும் வாயுவின் வேகத்தில்தான் சுழல வேண்டும். அது வேகம் பிடித்துக் காற்றைத் தள்ளும்வரை முழுசாக எரியாத டீசல் கறுப்பாக வெளியேறும். லாங் ஹூட், அதாவது இன்ஜினை மூடிய நீளமான பக்கம், முன்னால் வரும்படி ஓட்டினால் இன்னொரு பாடு. அந்தப் பெட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்துத்தான் சிக்னல் பிடிக்க வேண்டும். வளைவில் டிரைவருக்குத் தன் பக்கத்திலிருந்து சிக்னல் தெரியாதபோது உதவி டிரைவர் கூப்பிட்டுச் சொல்வதுதான் கண்.

முதலில் வந்த 18040 டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்லது. ஆனால் பெயின்ட் அடித்து நிறுத்தியதோடு டீசல் பிழைத்துவிடாது. ஓடாமல் கிடந்தால் ஜெனரேட்டரிலும் சக்கரங்களைச் சுற்றும் ஆறு டிராக்‌ஷன் மோட்டார்களிலும் ஈரம் ஏறி இன்சுலேஷன் கெடும். ரப்பர் சீல் இறுகி சிலிண்டருக்குள் தண்ணீர் கசியும். அது தெரியாமல் ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அதனால்தான் சிலிண்டரில் உள்ள சின்ன வால்வான டெஸ்ட் காக்கைத் திறந்துவிட்டு, கிராங்கைக் கையால் சுற்றி, தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் பண்ணுவார்கள். இந்தக் கைப்பழக்கம் உள்ள ஃபிட்டர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். என்னைக் கேட்டால், இன்ஜினைவிட அவசரமாகக் காப்பாற்ற வேண்டியது இதைத்தான்.

இங்கிலாந்தில் டெல்டிக் என்ற டீசல் வகை மொத்தமே 22 இன்ஜின். அதில் 6 இன்றும் இருக்கின்றன. 1982-க்குள் எல்லாமே சேவையிலிருந்து போய்விட்டன. ரசிகர்கள் காசு சேர்த்து வாங்கி, பிரதான பாதையிலேயே மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். நாம் ஆயிரக்கணக்கில் கட்டியவர்கள்.

பொன்மலை, ஈரோடு, எர்ணாகுளம் ஷெட்கள் ஆல்கோவிலேயே வளர்ந்தவை. தெற்கே ஒன்றையாவது ஓடும் நிலையில் வைக்கட்டும். பேட்டரி சார்ஜில் இருக்கட்டும், ஒழுங்காக ஸ்டார்ட் பண்ணட்டும், வருஷத்துக்குச் சில தடவை பெட்டிகளோடு ஓடட்டும். அந்தச் சில ஓட்டத்தின் புகையால் ஊர் கெட்டுவிடாது. அதற்கு முன்னால் ஒரு வேலை: கழித்துக்கட்டிய ஆல்கோக்களை ஏலத்துக்கு அனுப்புமுன், நல்ல டர்போ, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், எரிபொருள் பம்ப், சிலிண்டர் ஹெட் எல்லாவற்றையும் கழற்றி உதிரியாக எடுத்து வைக்க ஓர் உத்தரவு வேண்டும். இரும்பு வியாபாரியிடம் போன பிறகு எந்தக் காசு கொடுத்தும் அவற்றை மீட்க முடியாது.